கூகுளில் வராத ஒரு சோழவந்தான் எழுத்தாளர்

2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாரம் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேராவது போனை எடுத்து ‘சோழவந்தான் வெற்றிலை’ என்று தட்டிப் பார்த்திருப்பார்கள். நானும் பார்த்தேன். வந்ததெல்லாம் ஒரே செய்தி. ஒரு தளம் போட்ட நாலு பத்தியை இன்னொரு தளம் அங்கே இங்கே வார்த்தை மாற்றிப் போட்டிருந்தது. வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலுக்குள் இறங்கி நின்றவர் எழுதியதாக ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அப்படி எழுதப்பட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்த ஐயா எழுதியது. அகத்தி விதைப்பதில் ஆரம்பித்து, கொடி நட்டு, அகத்தியோடு சேர்த்துக் கட்டி, விடியற்காலையில் கிள்ளி, அடுக்கி, மார்க்கெட்டுக்கு ஏற்றுவது வரைக்கும் அதில் இருக்கிறது. கொடிக்காலுக்குள் ஏன் செருப்போடு நுழைய மாட்டார்கள், வாய்க்காலில் தண்ணீர் தள்ளிப்போன வருஷங்களில் கொடிக்கால்காரர் வீடுகளில் என்ன உலை வைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. முதலில் ஒரு சிற்றிதழில் வந்தது. பிறகு அவருடைய கட்டுரைத் தொகுப்பில் சேர்ந்தது. அச்சடித்த சில நூறு பிரதிகளில் பாதி நண்பர்கள் வீட்டு அலமாரியிலும் மீதி பதிப்பகத்தின் குடோனிலும் கிடக்கின்றன.

தேடியவர்களுக்கு வேண்டியது அந்தக் கட்டுரைதான். அவர்கள் கண்ணில் அது பட வழியே இல்லாமல் இருந்தது. இதைச் சரிசெய்து பார்ப்போம் என்று இறங்கினேன். மதுரையில் இணையதளங்கள் செய்துகொடுக்கும் வேலையில் இருக்கிறேன், தேடுபொறியில் ஒரு தளத்தை முன்னால் வரவைப்பதை எஸ்.இ.ஓ. என்று சொல்கிறார்களே, அது எனக்குப் பிழைப்பு. ஜவுளிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் செய்கிற வேலையை ஓர் எழுத்தாளருக்குச் செய்யும்போது எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இவரைப் போல ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார்.

எழுத்தாளருக்கு உதவ வருகிறவர்கள் முதலில் அவர் பெயரைத்தான் கூகுளில் போட்டுப் பார்க்கிறார்கள். ‘உங்க பேரே வரலையே ஐயா’ என்று வருத்தப்படுகிறார்கள். பெயர் வர வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெயரைத் தட்டுகிறவருக்கு அவரை ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் தட்டுவது வேறு: ‘கொடிக்கால்’, ‘வைகை வெள்ளம் பழைய கதை’, ‘ஜெனகை மாரியம்மன் திருவிழா’, ‘திருவேடகம் பெயர் வந்த கதை’. இந்த நாலைப் பற்றியும் ஐயா எழுதியிருக்கிறார். மதுரையைச் சுற்றியுள்ள எழுத்தாளர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு நிலம், ஒரு தொழில், ஒரு சாமி, ஓர் ஆறு இருக்கும். வாசகர் அந்த நிலத்தைத் தேடிக்கொண்டு வருகிறார். அந்த வழியில் இவர் எழுத்து நின்றால் போதும். பெயர் தானாகப் பின்னால் வரும்.

சரி, எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஐயா ஒரு பென்டிரைவ் கொடுத்தார். அதில் அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகளும் பிடிஎஃப்களும் இருந்தன. கட்டுரையைத் திறந்தால் திரையில் அழகான தமிழ். பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பை. டிடிபி கடைகளில் பல வருஷங்களாகப் பயன்படுத்திய பழைய எழுத்துருக்களின் கோளாறு இது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி தனக்குள் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை எழுத்துரு போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். மனிதக் கண்ணுக்கு அது அம்மா. இணையப் பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரலுக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம்.

எழுத்துகளைக் கணினிக்குள் சேமிக்க உலகம் முழுக்க ஒரே முறையாக வந்த யூனிகோடில் தமிழ் 1991இல், முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் அதைத் தனக்கும் தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் அச்சுக்குப் போகிற தமிழில் நிறைய இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் அடுக்கப்படுகிறது. அச்சகத்துக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. தாளில் நன்றாகத்தான் விழும். நஷ்டமெல்லாம் எழுத்தாளருக்கு. ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் மொத்தமாகத் தேடலுக்கு வெளியே நிற்பதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். அவர்கள் விளம்பரம் தேடிக்கொள்ளாததெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் மதுரையின் பெயரிலேயே இருக்கிறது. சங்கப் பாடல் எதிலிருந்தாவது ஒரு வரியை எடுத்து, இருபக்கமும் மேற்கோள் குறி போட்டுக் கூகுளில் தேடிப் பாருங்கள். முழுப் பாடலும் வந்து நிற்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். ஆரம்பத்தில் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் இருந்தவற்றைப் பின்னால் யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். அதனால்தான் ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய புலவர் ஒரு நொடியில் கிடைக்கிறார். சோழவந்தானில் உயிரோடு இருக்கிற எழுத்தாளர் கிடைக்க மாட்டேன் என்கிறார். அந்தப் புலவருக்குக் கிடைத்த உதவியில் பத்தில் ஒரு பங்கு இவருக்குக் கிடைத்தால் போதாதா?

கோப்புகளை மாற்றுவதற்கு வழிகள் இருக்கின்றன. எழுத்துரு எது என்று தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மாற்றிகளில் போட்டு யூனிகோடாக எடுக்கலாம். கோப்பே தொலைந்து புத்தகம் மட்டும் கையில் இருந்தால் பக்கங்களை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் அப்புறம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தாக வேண்டும். ஐயாவின் கோப்பில் தடித்த எழுத்தில் இருந்த துணைத்தலைப்புகள் எல்லாம் வேறு எழுத்துருவில் இருந்ததால் மாறவே இல்லை. ஸ்கேன் செய்ததில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருந்த புத்தகப் பெயர், கட்டுரையின் நடுவாக்கியத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘ன’வும் ‘ள’வும் இடம் மாறின.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது. ‘மௌனம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, ம, பிறகு தனி ‘ள’ என்று ‘மெளனம்’ ஆக அடித்துவிடுவார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். மதுரையில் ‘சௌராஷ்டிரா’ என்று எழுதப்படும் இடங்களில் எத்தனை ‘செளராஷ்டிரா’ என்று தேடிப் பாருங்கள், பிரச்சினையின் அளவு தெரியும். தேடுபொறி சில சமயம் ஊகித்துச் சேர்த்துக்கொள்கிறது, சில சமயம் விட்டுவிடுகிறது. நம் பக்கம் எழுத்து சரியாக இருந்தால் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. ஒவ்வொரு சொல்லாக ‘கண்டுபிடித்து மாற்று’ கொடுத்தால் முடிகிற காரியம்; மொத்தமாக மாற்றினால் ‘வெள்ளம்’ போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும். இதைச் செய்யும்போது ஐயா பக்கத்தில் இருந்தார். ‘ஏம்ப்பா, வெளியூர்க்காரன் படிக்கிறதுக்கு முன்னாடி மெஷினுக்கு எழுத்துக்கூட்டிக் கொடுக்கணுமா?’ என்றார். ஆமாம் ஐயா என்றேன். ‘அப்ப சரியா கொடு’ என்று அவரே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவர். நான் விட்ட பிழைகளை எல்லாம் பிடித்தார்.

எழுத்து தயாரானதும் எங்கே போடுவது என்ற கேள்வி. ஐயா பேஸ்புக்கில் நிறைய எழுதுகிறார். நல்ல பதிவுகள். ஆனால் பேஸ்புக்கில் எழுதியதை ஒரு மாதம் கழித்து எழுதியவரே தேடி எடுக்க முடியாது. பெரும்பாலானவை உள்நுழைந்தால்தான் தெரியும். தேடுபொறிக்கு அந்தச் சுவருக்குள் அதிகம் வேலையில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிற்றிதழ்ப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடுபொறி கட்டுரையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே எழுத்து எழுத்தாகவே, எல்லோருக்கும் திறந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். சொந்த வலைத்தளமோ, பிளாகர், வேர்ட்பிரஸ் போன்ற வலைப்பூத் தளமோ, எதுவானாலும் சரி. ஐயாவுக்குப் பிளாகர் எளிதாக இருந்தது. பேஸ்புக்கை விடச் சொல்லவில்லை. அங்கே எழுதுவதில் நிற்கிற மாதிரி இருப்பதை இங்கேயும் சேர்த்துவைக்கச் சொன்னேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்து அப்படியே வெளியிட்டால் அந்தப் பக்கத்தின் முகவரியில் தமிழ் முழுக்க உதிர்ந்துபோய் ‘பிளாக் போஸ்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் மிஞ்சும். எல்லாக் கட்டுரைக்கும் அதே பெயர், எண் மட்டும் வேறு. வேர்ட்பிரஸில் தமிழ் உதிராது. ஆனால் பகிரும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து, கணினிக்குள் ஐந்து குறிகளாக இருக்கும் ‘மதுரை’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே 45 எழுத்துக்கு நீண்டுவிடும். அதை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார். வெளியிடுவதற்கு முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் எழுதிவிட வேண்டும்: சோழவந்தான், வெற்றிலை, கொடிக்கால் என்று மூன்று சொல். முகவரி இப்படி இருந்தால்தான் கூகுள் முன்னால் வைக்கும் என்று சொல்ல மாட்டேன், அதன் பங்கு சிறியதுதான். மனிதர்கள் நம்பித் தொடுவதற்காகச் செய்கிறோம். அப்படியே அமைப்புகளுக்குள் போய், தேடுபொறிகளுக்குத் தெரியலாமா என்ற இடம் திறந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேர்ட்பிரஸில் ‘தேடுபொறிக்குத் தெரிய வேண்டாம்’ என்ற பெட்டியில் யாரோ எப்போதோ டிக் போட்டுவிட்டுப் போன தளங்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு எழுதினாலும் வராது.

அடுத்து தலைப்பு. இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கட்டுரையின் தலைப்பு ‘கொழுந்து’. அருமையான தலைப்பு. ஆனால் கொழுந்து என்று மட்டும் தேடினால் தேயிலை வரும், மருக்கொழுந்து வரும், வேப்பங்கொழுந்து வைத்தியம் வரும். ‘சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்: ஒரு வரலாறு’ என்று மாற்றலாமா என்று கேட்டேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘தலைப்பு வீட்டு வாசல்ப்பா. அதுல கோலம் போடுவாங்க. கடைப்பலகை தொங்கவிடுவியா?’ என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தேடுபொறிக்காக எழுத்தையே வளைக்கச் சொல்கிற ஆலோசகர்கள் உண்டு. முதல் பத்தியில் இந்தச் சொல் இத்தனை தரம் வர வேண்டும், வாக்கியம் இவ்வளவு நீளம்தான் இருக்க வேண்டும் என்பார்கள். குக்கர் விற்கிற பக்கத்துக்கு அது சரிப்படலாம். ஐயாவின் வாக்கியம் வாய்க்கால் கரையில் நடந்தபடி பேசுகிற வாக்கியம். அதை நறுக்கிப்போட்டால் அப்புறம் வாசகரை அழைத்து வந்து எதைக் காட்டுவது? எழுத்தில் கை வைக்கக் கூடாது, எழுத்தைச் சுற்றி இருப்பதில்தான் நம் வேலை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டோம். தலைப்பு ‘கொழுந்து’ அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டு ‘சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுகள்’ என்று ஒரு துணைத்தலைப்பு. இதற்கு ஐயா ஒப்புக்கொண்டார்.

அதோடு, கட்டுரைக்கு மேலே, வேறு எழுத்தில், நான் ஒரு சிறு குறிப்பு எழுதினேன். இது எந்த ஊரைப் பற்றியது, எந்தக் காலம், எந்த இதழில் முதலில் வந்தது, எந்தத் தொகுப்பில் இருக்கிறது, அந்தத் தொகுப்பு எங்கே கிடைக்கும். நாலு வரிதான். பழைய பதிப்புகளில் பதிப்பாசிரியர் குறிப்பு இருக்குமே, அந்த மாதிரி. ஐயாவின் நடைக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. தேடி வருகிறவருக்கோ, தேடுபொறிக்கோ, ‘இது எதைப் பற்றியது’ என்ற கேள்விக்கு அந்த நாலு வரியில் பதில் கிடைத்துவிடுகிறது.

இந்தக் குறிப்பினால் இன்னொரு லாபம் உண்டு. ஐயாவின் கட்டுரையில் வருகிற மனிதர்கள் ‘வெத்தலை’ என்றுதான் பேசுவார்கள். படித்த வாசகர் ‘வெற்றிலை’ என்று தேடுவார். கவுளி என்று மட்டும் தட்டுகிறவருக்குக் கட்டு வெற்றிலை வேண்டுமா, பல்லி விழும் பலன் வேண்டுமா என்பதே தேடுபொறிக்குத் தெரியாது. நம் சொற்களோ வேற்றுமை உருபு சேர்ந்தால் வடிவமே மாறிவிடும்: கொடிக்கால், கொடிக்காலில், கொடிக்கால்காரர். ஆங்கிலத்துக்குச் செய்கிற அளவுக்குத் தமிழில் இவற்றை முடிச்சுப்போட்டுப் பார்க்கத் தேடுபொறிகள் இன்னும் தேறவில்லை என்பது என் அனுபவம். கட்டுரைக்குள் பேச்சு வடிவமும், குறிப்பில் எழுத்து வடிவமும் இயல்பாக இருந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வழி திறந்துவிடும். 2017இல் கூகுளில் தமிழில் பேசித் தேடும் வசதி வந்தது. அதற்கப்புறம் தட்டச்சு பழகாத பெரியவர்களும் மைக்கை அழுத்திக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அம்மா அப்படித்தான் தேடுகிறார்.

ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களையும் ஒதுக்க முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் தட்டுகிறார்கள். ஊர்ப்பெயரிலேயே எத்தனை சிக்கல்! ரயில்வே எழுதுகிற சோழவந்தானில் ‘ழ’வுக்கு எல் போட்டிருக்கும், முதலெழுத்து எஸ். சிலர் சி.எச். போட்டு ஆரம்பிப்பார்கள். சிலர் இசட் எச் போடுவார்கள். எழுத்தாளர் பெயருக்கும் இதே கதை. ஐயாவின் பெயர் ஒரு புத்தகத்தில் இனிஷியலோடு, ஒன்றில் இனிஷியல் இல்லாமல், இன்னொன்றில் ஊர்ப்பெயரை முன்னால் போட்டு. இதழ்களில் ஒரு புனைபெயர் வேறு. தேடுபொறி இவற்றை நாலு மனிதராக எண்ணினால் அதைக் குறை சொல்ல முடியாது. ஊரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது நம்மிடம் பழைய மரபு. தேடலுக்கும் அதுதான் நல்லது, அதே பெயருள்ள இன்னொருவரோடு குழம்பாது. அந்த ஒரு வடிவத்தையே இனி எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். பிளாகரில் அவரைப் பற்றி நிரந்தரமாக ஒரு பக்கம்: பெயர், பழைய பெயர் வடிவங்கள், ஒரு புகைப்படம், எல்லாப் புத்தகங்களும் வெளியான ஆண்டு, பதிப்பகம், ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணோடு. கீழே ஆங்கிலத்தில் ஒரு பத்தி. (ஐஎஸ்பிஎன் இல்லாமல் புத்தகம் போடுகிறவர்கள் கவனிக்க: இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக அது இலவசமாகவே கிடைக்கிறது.)

விக்கிப்பீடியாவில் ஐயாவுக்கு ஒரு பக்கம் போட்டுவிடலாமே என்று நண்பர்கள் சிலர் ஆர்வமாகக் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். எழுத்தாளரோ அவருக்கு வேண்டியவர்களோ தாங்களே எழுதிக்கொள்வதை அங்கே விரும்புவதில்லை. மூன்றாமவர் எழுதிய விமர்சனம், நேர்காணல் என்று ஆதாரம் சேர்ந்த பிறகு, சம்பந்தமில்லாத ஒருவர் எழுதட்டும். அதற்குப் பதிலாக, கொடிக்கால் படங்கள் சிலவற்றைத் தமிழ் விவரத்தோடு, எல்லோருக்கும் திறந்த படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினோம். படம் எடுத்தவர் பெயர் அதோடு போகும், ஊருக்கும் உபயோகம்.

இனி தொடுப்புகள், அதாவது லிங்க். 1998இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் முன்வைத்த யோசனையின் சாரம், ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடலாம் என்பது. இன்றைக்குக் கூகுள் பார்க்கிற விஷயங்கள் ஏராளம், ஆனாலும் யார் உங்களைச் சுட்டுகிறார்கள் என்பது கணக்கில் இருக்கிறது. தமிழ் எழுத்தாளர்கள் ஒருவரை ஒருவர் மேடையில் தாராளமாகப் புகழ்கிறார்கள். இணையத்தில் தொடுப்புக் கொடுப்பதில்லை. ஐயாவின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய இரண்டு நண்பர்களிடம் கேட்டேன், அன்றைக்கே சேர்த்துவிட்டார்கள். கேட்கும்போது ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்ற சொல்லில் தொடுப்பை வைக்காமல் கட்டுரையின் பெயரில் வைக்கச் சொல்லுங்கள். முகப்புக்குக் கொடுக்காமல் அந்தக் கட்டுரைக்கே கொடுக்கச் சொல்லுங்கள். பதிப்பகத்தின் தளத்தில் ஐயாவின் புத்தகத்துக்கு விலையும் அட்டைப்படமும் மட்டும்தான் இருந்தன. பெயரில் ஓர் எழுத்துப் பிழை வேறு. பொருளடக்கத்தையும் பின்னட்டைக் குறிப்பையும் யூனிகோடில் அடித்து அனுப்பினோம். கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் போட்டார்கள்.

தொடுப்பை விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு நிறுவனம் ஐயாவிடம் பேசியிருக்கிறது. முதல் பக்கத்தில் வரவைப்பதற்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் செய்தது, சூதாட்டத் தளங்களிலும் மாத்திரை விற்கும் தளங்களிலும் அவர் பெயரைத் தூவிவிட்டதும், அவர் பெயரில் தாங்களே போட்ட ஒரு பக்கத்தின் நிரலில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத கீவேர்ட் குறிக்குள் நூற்றுக்கணக்கான சொற்களை அடைத்ததும்தான். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. விலைக்கு வாங்கிய தொடுப்புகளைக் குறிவைத்து 2012இல் தன் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தையும் கொண்டுவந்தது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஓய்வூதியத்தில் புத்தகம் போடுகிற மனிதரிடம் போய் இப்படிப் பணம் பிடுங்குவது எனக்கு ஆறவில்லை. யாராவது உங்கள் எழுத்தாள நண்பரிடம் உத்தரவாதம் பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஐயாவின் பயம் வேறு. ‘நல்லதையெல்லாம் தூக்கி வெளிய வச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிருவானே தம்பி?’ என்றார். நியாயமான பயம். பெயரை வெட்டிவிட்டுக் கதையை வாசித்து யூடியூபில் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அச்சுப் புத்தகத்திலிருந்தும் எடுக்கத்தான் செய்கிறார்கள். நம் பெயரோடு, தேதியோடு, திறந்த இடத்தில் ஒரு பக்கம் இருந்தால் ‘இது என்னுடையது’ என்று காட்ட ஆதாரமாவது இருக்கும். காப்புரிமை மீறலைத் தெரிவித்துத் தேடலிலிருந்து எடுக்கச் சொல்வதற்குக் கூகுளில் படிவம் இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் போட வேண்டியதில்லை. தொகுப்புக்குச் சில கட்டுரை போதும். ஆனால் அந்தச் சில கட்டுரைகள் இருப்பதிலேயே சிறந்தவையாக இருக்க வேண்டும். மிச்சம் மீதியை இணையத்துக்கும் நல்லதைப் புத்தகத்துக்கும் என்று பிரித்தால், முதல்முறை வருகிறவர் அந்த மிச்சத்தைப் படித்துவிட்டு அதோடு போய்விடுவார். ஒரே ஓர் எச்சரிக்கை: மின்னூலைக் கின்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால் 90 நாளுக்கு அது அமேசானுக்கு மட்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலத்தில் அதே எழுத்தை வேறு இடத்தில் மின்வடிவில் போடக் கூடாது.

எல்லாம் முடிந்து, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிவு செய்தோம். காசு எதுவும் இல்லை. பக்கங்களின் பட்டியலான தளவரைபடத்தைக் கொடுத்து, முக்கியமான பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவுடன் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். பார்த்தேன், ஆனால் அட்டவணையில் இன்னும் சேர்க்கவில்லை என்று சில பக்கங்களுக்குப் பதில் வரும். பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கும் இதேபோல ஒன்று உண்டு. கூகுளில் பதிந்ததை அப்படியே அங்கே இறக்கிக்கொள்ளலாம். டக்டக்கோ மாதிரியான தேடல்களும் பெரும்பாலும் பிங்கிடமிருந்து எடுப்பதால் அந்த வேலை வீண் இல்லை. ஐயா பொறுமையாக இருந்தார். ‘ஏடு எதிரேறுன ஆத்தங்கரைப்பா இது’ என்றார். வைகையில் சம்பந்தர் விட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்துப் போய்க் கரையேறிய இடம் என்று சொல்லப்படும் திருவேடகம் எங்களுக்குப் பக்கத்து ஊர்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ‘சோழவந்தான் வெற்றிலை’ என்று தேடினால் செய்திகளுக்குக் கீழே ‘கொழுந்து’ வருகிறது. ‘கொடிக்கால்’ சேர்த்துத் தேடினால் இன்னும் மேலே. சர்ச் கன்சோலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், என்னென்ன சொற்களைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியல். பதினாறு மாதத்துக்கு வைத்திருக்கும். அபூர்வமான தேடல்களை அது காட்டாது, இருந்தாலும் காட்டுகிறவரை போதும். ஐயாவுக்கு அதை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகம் தெரியாத ஆட்கள், அவரவர் சொல்லில், அவரவர் எழுத்துப் பிழையோடு கேட்ட கேள்விகள். ‘இவ்வளவு பேர் கொடிக்காலைப் பத்திக் கேக்குறாங்களா!’ என்றார். அந்த ஆச்சரியத்தை இத்தனை வருஷத்தில் எந்தப் பாராட்டு விழாவும் அவர் முகத்தில் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு வரி: ‘வெற்றிலை கொடிக்கால் பாட்டு’. யாரோ தேடியிருக்கிறார்கள், ‘கொழுந்து’ காட்டப்பட்டிருக்கிறது, யாரும் தொடவில்லை. தொடாததற்குக் காரணம் இருக்கிறது, அதில் பாட்டு இல்லை. ஐயா அந்த வரியில் பேனாவை வைத்து வட்டம் போட்டார். கிள்ளும்போது பெண்கள் பாடுவார்களாம். அவருடைய அம்மாவும் பாடுவாராம். அவருக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறதாம். மறுநாளே தென்கரைக்கும் முள்ளிப்பள்ளத்துக்கும் கிளம்பிவிட்டார். அங்கே இன்னும் இருக்கிற பாட்டிமார்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். நான் போனில் பதிவு செய்துகொண்டு கூடவே போகிறேன். சில அடிகள் ஒருவர் சொன்னதோடு இன்னொருவர் சொன்னது பொருந்தவில்லை, சில இடங்களில் நடுவில் அறுந்துபோகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது கொடிக்கால் பாட்டு ஓரிரண்டு அடி தெரிந்திருந்தால், எந்த ஊர்ப் பாட்டானாலும் சரி, எழுதி அனுப்புங்கள். ஐயாவிடம் சேர்த்துவிடுகிறேன்.